எம்.எஸ். நோய், மனச்சோர்வு, உடற்பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரம்பியல் பிரிவில் பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரியும் எனக்கு, மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (எம்.எஸ்.) உள்ளவர்களிடமிருந்தும் அவர்களுடைய வீட்டாரிடமிருந்தும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. கால், கை பற்றிய கேள்விகளைச் சிகிச்சை அறைக்குள் கேட்டுவிடுகிறார்கள். மனம் பற்றிய கேள்விகள் மட்டும், எல்லாம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் தயக்கத்தோடு வெளியே வருகின்றன. அவற்றை நான் கேட்டபடியே கீழே தந்திருக்கிறேன். மருந்து தொடர்பான முடிவுகளை உங்கள் நரம்பியல் மருத்துவரும் மனநல மருத்துவரும்தான் எடுக்க வேண்டும்.

"எம்.எஸ்.னா நரம்பு நோய்தானே? அதுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?"

மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்பு உறை இருக்கிறது. நம் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே அந்த உறையைத் தாக்கி ஆங்காங்கே தழும்புகளை உண்டாக்குவதுதான் எம்.எஸ். பாரிஸ் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் ஷார்கோ 1868-இல் இதைத் தனி நோயாக வரையறுத்தார். இது பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது; ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைப்பேறு என்று எல்லாம் கூடிவரும் வயதில் வந்து நிற்கும் நோய் இது.

இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள். எந்த நேரத்தில் கணக்கெடுத்தாலும் 10 பேரில் சுமார் 3 பேருக்கு அது இருக்கிறது. நோயைப் பற்றிய கவலை மட்டும் இதற்குக் காரணமில்லை. தழும்புகள் மூளையில் உணர்வுகளை ஆளும் பகுதிகளிலும் விழுகின்றன. நோயெதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் அழற்சிப் பொருள்களும் மனநிலையைக் கீழே இழுக்கின்றன. கால் பலவீனம் எப்படி இந்நோயின் அறிகுறியோ, அப்படித்தான் மனச்சோர்வும் பலருக்கு.

"இப்படி ஒரு நோய் வந்தா யாருக்கும் வருத்தம் இருக்கத்தானே செய்யும்? அதைப் போய் தனி நோய்னு எதுக்குச் சொல்றீங்க?"

வருத்தம் வந்துபோகும், பேரன் சிரித்தால், பழைய தோழி அழைத்தால் சற்று நேரமாவது விலகி நிற்கும். அப்படி விலகாமல், இரண்டு வாரங்களுக்கு மேல், பெரும்பாலான நாள்களில் நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே இருந்தாலோ, முன்பு பிடித்திருந்த எதிலும் நாட்டமே இல்லாமல் போனாலோ அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். இந்த நோயில் யார் வருத்தப்படாமல் இருப்பார்கள் என்று குடும்பத்தார் ஆறுதலாகச் சொல்லும் சொல், சில வேளைகளில் சிகிச்சையை ஒன்றிரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டுவிடுகிறது.

"எனக்கு இருக்கிறது அசதியா, மனச்சோர்வா? எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியலை."

மருத்துவர்களுக்கே சிரமமான கேள்வி இது. அசதி, தூக்கக் கேடு, கவனக் குறைவு, பசியின்மை ஆகியவை இரண்டுக்கும் பொது. மனச்சோர்வை அளக்கும் பொதுவான வினாத்தாள்களில் இவை எல்லாம் மதிப்பெண்ணில் சேர்வதால், எம்.எஸ். அசதி மட்டுமே உள்ள ஒருவருக்கும் மனச்சோர்வு இருப்பதுபோல் கணக்குக் காட்டிவிடும். அதனால்தான் உடல் அறிகுறிகளை ஒதுக்கிவிட்டு, மகிழ்ச்சியின்மை, நம்பிக்கையின்மை, குற்றவுணர்வு ஆகியவற்றை மட்டும் விசாரிக்கும் வினாத்தாள்களைச் சிலர் விரும்புகிறார்கள்.

நான் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பார்ப்பேன்: "உங்களுக்குத் தெம்பு மட்டும் முழுசாகத் திரும்பக் கிடைத்தால் இன்று என்ன செய்வீர்கள்?" எம்.எஸ். அசதி உள்ளவர்கள் உடனே பட்டியல் போடுவார்கள்: மாடியில் வடகம் காயப்போட வேண்டும், தங்கை வீட்டுக்குப் போக வேண்டும் என்று. மனச்சோர்வு உள்ளவர்கள் சற்று யோசித்துவிட்டு, "ஒண்ணும் தோணலை" என்பார்கள். இது சோதனை ஆகாது, ஒரு குறிப்பு மட்டுமே. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் ஏராளம். எம்.எஸ். அசதி பெரும்பாலும் பிற்பகலில், வெப்பத்தில் கூடும் என்பதையும் கவனியுங்கள்.

"துக்கமே இல்லாம திடீர்னு அழுகை வருது. இதுவும் மனச்சோர்வுதானா?"

பெரும்பாலும் இல்லை. மனத்தில் துக்கம் இல்லாமலே அழுகையோ, சிரிப்பு வரக்கூடாத இடத்தில் சிரிப்போ அடக்க முடியாமல் வந்து சில நிமிடங்களில் அடங்குவது, உணர்வு வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் நரம்புப் பாதைகளில் ஏற்பட்ட பாதிப்பாக இருக்கலாம். இதற்கென்று வேறு மருந்து உண்டு. மருத்துவரிடம் இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள்.

"உடற்பயிற்சி செஞ்சா நிஜமாவே மனசு தெளியுமா, இல்லை எல்லாரும் சொல்ற மாதிரி நீங்களும் சொல்றீங்களா?"

தெளியும், ஆனால் எவ்வளவு என்பதை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜாக் பெட்டஜான் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பம். எம்.எஸ். உள்ள 54 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரை மட்டும் 15 வாரங்கள், வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 40 நிமிடம், கையாலும் காலாலும் மிதிக்கும் நிலைச் சைக்கிளில் பயிற்சி செய்ய வைத்தார்கள். உடல்திறன் கூடியதோடு, 5-ஆம் வாரத்திலும் 10-ஆம் வாரத்திலும் மனச்சோர்வு, கோபம் ஆகியவற்றின் மதிப்பெண்கள் குறைந்திருந்தன. அதற்குப் பின் வந்த பல ஆய்வுகளை 2014, 2015-ஆம் ஆண்டுகளில் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோதும் பலன் உண்டு என்றே தெரிந்தது. ஆனால் அதன் அளவு சிறியது முதல் நடுத்தரம் வரை.

இதில் ஒரு முக்கியமான ஓட்டை உண்டு. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மனச்சோர்வு உள்ளவர்களைத் தேடிச் சேர்த்தவை அல்ல. நடையையோ அசதியையோ அளக்க வந்த இடத்தில் மனநிலையையும் சேர்த்து அளந்தவை. மனச்சோர்வு உறுதிசெய்யப்பட்டவர்களையே சேர்த்த ஆய்வுகள் மிகச் சில. சியாட்டில் நகர ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டது அவற்றில் ஒன்று. எம்.எஸ்.ஸும் மனச்சோர்வும் உள்ள 92 பேரில் ஒரு பகுதியினருக்கு, 12 வாரக் காலத்தில் பெரும்பாலும் தொலைபேசி வழியாகவே உடலுழைப்பைக் கூட்டுவதற்கான ஆலோசனை வழங்கினார்கள். மனச்சோர்வு பாதியாகக் குறைந்தவர்களின் எண்ணிக்கையில் இரு குழுக்களுக்கும் இடையே உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஆலோசனை பெற்றவர்களிடம் மனச்சோர்வின் தீவிரம் குறைந்திருந்தது. ஆகவே, உடற்பயிற்சி மனச்சோர்வுக்கு உதவும் ஒரு கை. அதையே முழுச் சிகிச்சை என்று நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது என்பதே என் கருத்து.

"பெரியவங்க எல்லாம் 'உடம்பை அலட்டிக்காதே, அட்டாக் வந்துடும்'னு சொல்றாங்களே?"

அட்டாக் என்று இங்கே சொல்வது மாரடைப்பை அல்ல; எம்.எஸ். திடீரெனக் கிளர்ந்து புதிய அறிகுறிகள் தோன்றுவதையோ பழையவை மோசமாவதையோதான். பெரியவர்கள் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. பல பத்தாண்டுகள் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். 1890-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்தாஃப், எம்.எஸ். நோயாளிகள் சிலருக்கு உடலை வருத்தியதும் பார்வை மங்குவதைப் பதிவு செய்தார். உழைப்பே நோயைக் கிளறுகிறது என்று அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்து, ஓய்வை மருந்துபோல எழுதிக்கொடுத்தார்கள். பார்வையை மங்கச் செய்தது உழைப்பால் ஏறிய உடல் வெப்பம் என்பது பின்னர்தான் தெளிவாயிற்று.

26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான கணக்கின்படி, பயிற்சி செய்தவர்களில் 4.6 சதவீதம் பேருக்கும் செய்யாதவர்களில் 6.3 சதவீதம் பேருக்கும் அட்டாக் வந்திருந்தது. இந்தச் சிறு வேறுபாட்டை வைத்துப் பயிற்சி அட்டாக்கைத் தடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பயிற்சியால் அட்டாக் வருவதில்லை என்று மட்டும் துணிந்து சொல்லலாம்.

"ஆனா நடந்தா எனக்கு நிஜமாவே கண்ணு மங்குது, காலு பின்னுது. அப்போ அது என்ன?"

மேலே சொன்ன ஊத்தாஃப் விளைவுதான். உறை தேய்ந்த நரம்பிழையில் மின் துடிப்பு ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே சிலருக்கு அது நின்றுவிடும். உடல் குளிர்ந்ததும் மீண்டும் ஓடத் தொடங்கும். புதிய சேதம் ஏதும் நேர்வதில்லை. பயிற்சியை நிறுத்தி, குளிர்ந்த இடத்தில் உட்கார்ந்தால் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பழைய நிலை திரும்பிவிடும். காய்ச்சலும் தொற்றும் இல்லாமல், ஒரு புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது அட்டாக்காக இருக்கலாம். அப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லிக்கொடுக்காததால் நேர்ந்த ஒரு தவறு என் கணக்கில் இருக்கிறது. பணியில் சேர்ந்த புதிதில், ஒரு மே மாதப் பிற்பகலில், மின்விசிறி ஓடாத கூடத்தில் ஓர் ஆசிரியையை வேகமாக நடக்கவைத்தேன். ஆறாவது சுற்றில், சுவரில் இருந்த கடிகார முள் தெரியவில்லை என்றார். கால் மணி நேரத்தில் பார்வை திரும்பிவிட்டது. ஆனால் பயம் போகவில்லை. மூன்று மாதம் அவர் வரவே இல்லை. வெப்பம் பற்றி முதல் நாளே பேசியிருந்தால் அந்த மூன்று மாதம் வீணாகியிருக்காது.

நம் ஊர் வெயிலுக்குச் சில ஏற்பாடுகள் கட்டாயம்: விடிந்ததும் அல்லது வீட்டுக்குள் விசிறிக்கு நேராகப் பயிற்சி செய்யுங்கள், தொடங்கும் முன் குளிர்ந்த நீரில் குளியுங்கள், அல்லது நனைத்துப் பிழிந்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், இடையிடையே குளிர்ந்த நீர் குடியுங்கள். ஒரே மூச்சில் 20 நிமிடம் செய்வதைவிட 5 நிமிடமாக நான்கு முறை செய்தால் உடல் சூடேறாது.

"சரி, எவ்வளவு செய்யணும்? கணக்காச் சொல்லுங்க."

கனடாவில் 2013-இல் வெளியான வழிகாட்டுதல், லேசான அல்லது நடுத்தரப் பாதிப்பு உள்ளவர்களுக்கு வாரத்தில் 2 நாள் 30 நிமிட மிதமான உழைப்பும், 2 நாள் தசை வலுப்பயிற்சியும் போதும் என்கிறது. 2020-இல் அமெரிக்காவில் வெளியான பரிந்துரை, வாரத்துக்கு 150 நிமிடத்தை நோக்கிப் படிப்படியாகப் போகச் சொல்கிறது. வீட்டுவேலை போன்ற உடலுழைப்பையும் அதில் சேர்த்துக்கொள்கிறது. மிதமான உழைப்பு என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

மனச்சோர்வோடு இருப்பவரிடம் 150 என்ற எண்ணைச் சொல்வதே தவறு என்பது என் அனுபவம். அந்த எண்ணைக் கேட்டதும் முகம் வாடிவிடும். கனடா கணக்கில் பாதியைத் தொட்டாலே எனக்கு மகிழ்ச்சி.

"படுக்கையை விட்டு எழவே மனசு வரலை. இதுல எங்கேர்ந்து பயிற்சி பண்றது?"

எனக்கு வரும் கேள்விகளில் மிக நேர்மையானது இதுதான். மனச்சோர்வு எடுத்துக்கொண்டு போகும் முதல் பொருள் முனைப்பு; அந்த முனைப்பு இருந்தால்தான் பயிற்சியே தொடங்கும். மனம் சரியான பிறகு எழலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வெகுநாள் வராது. அதனால் மனத்தைக் கேட்காமல் செய்யக்கூடிய அளவுக்குப் பயிற்சியைச் சிறிதாக்க வேண்டும்.

இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான, 34 வயதுடைய ஒரு தையற்காரப் பெண்ணுக்கு நான் முதல் வாரம் கொடுத்த பயிற்சி இவ்வளவுதான்: காலையில் பால் காயும் நேரத்தில் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். பால் பொங்கினால் பயிற்சி முடிந்தது. அளவெடுக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு வந்தார்: 4, 6, 6, 0, 5. அந்த 0 போட்ட நாளுக்கு நேராக, "மழை, அழுதேன்" என்று எழுதியிருந்தார். மூன்றாவது வாரம், "வாசல் கேட் வரை 2 தடவை" என்ற வரி வந்தது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் அவரை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்றும் முடிவு செய்தேன். மருந்து தொடங்கி ஒன்றரை மாதத்துக்குப் பின் எண்ணிக்கை தானாகவே கூடியது. எது முதலில், பயிற்சியா மருந்தா என்று கேட்பவர்களுக்கு இந்த வரிசையையே சொல்கிறேன்: தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கலாம், தூக்கிவிடுவது பெரும்பாலும் மருந்தும் ஆலோசனையும், தூக்கிய இடத்தில் நிலைக்கவைப்பது பயிற்சி.

"நல்லா இருக்கிற அன்னைக்கு நிறையச் செஞ்சுடறேன். அடுத்த ரெண்டு நாள் படுக்கைதான்."

நல்ல நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் இயல்பானது. ஆனால் படுத்துக் கிடக்கும் அந்த இரண்டு நாள்கள்தாம் மனத்தை மேலும் கீழே தள்ளுகின்றன. நல்ல நாளில் முடியும் என்று தோன்றுவதில் பாதியோடு நிறுத்துங்கள். மோசமான நாளில் ஐந்து நிமிடமாவது செய்யுங்கள். மறுநாள் காலை வழக்கத்தைவிட அசதி அதிகமாக இருந்தால், முந்தைய நாளின் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

"நான் சக்கர நாற்காலியில இருக்கேன். இதெல்லாம் நடக்கிறவங்களுக்குத்தானே?"

இல்லை. மேலே குறிப்பிட்ட 2020 பரிந்துரை, நடக்க முடியாதவர்களையும் படுக்கையில் இருப்பவர்களையும் சேர்த்தே எழுதப்பட்டது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ எடை. அதைக் கையில் பிடித்துத் தோளுயரம் தூக்கி இறக்கலாம். ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி இழுக்கலாம். மேசை மேல் வைத்துக் கையால் மிதிக்கும் சிறு பெடல் கருவிகளும் கிடைக்கின்றன. மூச்சுப் பயிற்சியும் இதில் சேரும். நடப்பவர்களுக்குக் கிடைக்கும் மனப்பலன் அதே அளவில் இவர்களுக்கும் கிடைக்குமா என்பதற்குச் சான்றுகள் குறைவு; ஆனால் தோள் வலுப்பெற்று, கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் பிறர் உதவியின்றி மாறிய நாளில் ஒருவர் முகத்தில் வந்த தெளிச்சியை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

"யோகா மட்டும் பண்ணாப் போதாதா?"

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் எம்.எஸ். உள்ள 69 பேரை வைத்து நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், ஐயங்கார் முறை யோகாவும் நிலைச் சைக்கிள் பயிற்சியும் ஆறு மாத காலம் ஒப்பிடப்பட்டன. எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களைவிட இரு குழுவினருக்குமே அசதி குறைந்தது. மனநிலையில் தெளிவான மாற்றம் இரண்டிலும் தெரியவில்லை. ஆகவே யோகா சைக்கிளுக்குக் குறைந்ததும் இல்லை, மேலானதும் இல்லை. பிடித்தால் தாராளமாகச் செய்யலாம். தள்ளாட்டம் உள்ளவர்கள் நின்ற நிலை ஆசனங்களைச் சுவரோரமாகவோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டோ செய்ய வேண்டும்; காற்றில்லாத சிறிய அறையில் கூட்டமாகச் செய்யும் வகுப்புகளைத் தவிர்க்க வேண்டும். காரணம் வெப்பம்தான்.

"வெளியே நடக்கப் போனா பாத்ரூம் அவசரம் வந்துடுமோன்னு பயம். அதனாலேயே போறதில்லை."

சிறுநீர் அவசரம் எம்.எஸ்.ஸில் மிகச் சாதாரணம். மருந்து உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை வீட்டைச் சுற்றியே, மொட்டை மாடியிலேயே நடங்கள். தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள், அது வேறு தொல்லைகளைக் கொண்டுவரும்.

"என் மருமக நாள் முழுக்கப் படுத்தே கெடக்கா. கொஞ்சம் அதட்டி நடக்கவைக்கலாமா?"

அம்மா, அதட்டினால் இரண்டு நாள் நடப்பார். மூன்றாம் நாள், தாம் வீட்டுக்குப் பாரம் என்ற எண்ணம் முன்னைவிடப் பலமாக வந்து உட்காரும். வெளியிலிருந்து பார்க்கும்போது எம்.எஸ். அசதியும் மனச்சோர்வும் சோம்பல்போலவே தெரியும் என்பதுதான் இந்நோயின் கொடுமை. "நட" என்பதைவிட "வாம்மா, கோயில் வாசல் வரை துணைக்கு வா" என்பது பலன் தரும். உடன் நடப்பவர் இருந்தால் விழும் பயமும் குறையும். திரும்பி வந்ததும், எவ்வளவு தூரம் நடந்தாய் என்று கணக்குக் கேட்காதீர்கள்.

"அட்டாக் வந்திருக்கிற நேரத்துல பயிற்சியைத் தொடரலாமா?"

அட்டாக்கின் கடுமையான நாள்களில் வேண்டாம். மூட்டுகள் இறுகாமல் இருக்க மெதுவாக நீட்டி மடக்கினால் போதும். அறிகுறிகள் நிலைபெற்றதும் முன்பிருந்த அளவில் பாதியிலிருந்து தொடங்கலாம். அட்டாக்குக்குத் தரும் ஸ்டீராய்டு மருந்தினால் சிலருக்குத் தூக்கம் கெட்டு மனம் பரபரக்கும்; நிறுத்தியதும் சோர்வு கவியும். இதை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவைத்தால் அனாவசியப் பயம் இருக்காது.

"நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து நல்லா இருக்கேன். மனசுக்குத் தர்ற மாத்திரையை விட்டுடலாமா?"

நீங்களாக விடாதீர்கள். நன்றாக இருப்பது நடையால் மட்டுமா, நடையும் மாத்திரையும் சேர்ந்தா என்பதை உள்ளிருந்து கண்டுபிடிக்க முடியாது. மனச்சோர்வு மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம், அதை எம்.எஸ். அட்டாக் என்று நினைத்து அலைந்தவர்களும் உண்டு. எவ்வளவு காலம் தொடர வேண்டும், எப்படிக் குறைக்க வேண்டும் என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

"சில நேரம் இருந்து என்ன பிரயோஜனம்னு தோணுது. இதை உங்ககிட்ட சொல்லலாமா?"

சொல்லலாம், சொல்ல வேண்டும். எம்.எஸ். உள்ளவர்களிடம் இந்த எண்ணம் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது என்பது மருத்துவ உலகம் அறிந்ததே. இந்த நிலையில் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுவது பொருத்தமற்றது. அன்றைக்கே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தனியாக இருக்கக் கூடாது. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், இலங்கையில் 1926 என்ற எண்ணை அழைக்கலாம்.

"ஆறு மாசமா விடாமச் செய்றேன். கால் தேவலை, மனசு அப்படியேதான் இருக்கு. நான் சரியாச் செய்யலையா?"

நீங்கள் சரியாகத்தான் செய்கிறீர்கள். சராசரிப் பலன் சிறியது முதல் நடுத்தரம் வரை என்று முன்பு சொன்னேன் அல்லவா? சராசரி என்றால், சிலருக்கு அதைவிட நிறையக் கிடைக்கும், சிலருக்கு ஒன்றும் கிடைக்காது. இரண்டாம் வகையில் விழுந்தவரின் முயற்சியில் குறை தேடுவது அநியாயம்.

8 முதல் 12 வாரம் ஒழுங்காகச் செய்தும் மனம் அசையவில்லை என்றால், அதையே ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எண்ணங்களையும் செயல்களையும் மாற்றப் பழக்கும் ஆலோசனை முறையும் மனச்சோர்வு மருந்துகளும் எம்.எஸ். உள்ளவர்களுக்கும் பலன் தருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தைராய்டு, ரத்தசோகை, தூக்கக் கோளாறு, உட்கொள்ளும் மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவற்றையும் அவர் பார்ப்பார். போகும்போது பயிற்சி நோட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த நாள்களில் 0 விழுந்தது என்பதை அவர் பார்க்கட்டும். காலுக்காக நடையைத் தொடருங்கள்.